பை பார்க்கும் அம்மா

என் சம்சாரத்துக்கு அடுத்தபடியாக என் சாப்பாட்டுப் பையை உரிமையோடு திறந்து பார்த்தவர் அந்த அம்மா ஒருவர்தான். பார்த்ததோடு விட்டாலும் பரவாயில்லை. தூக்குப்போசியின் மூடியை எடுத்து, மோந்து, "எலுமிச்சஞ்சோறுங்களா? உப்புக் கம்மியா இருக்கும்போல" என்று சொல்லிவிட்டுத்தான் என்னை உள்ளே விடுவார். வாரம் தவறாமல் வருகிற டிரைவர்தானே, இவனிடம் என்ன இருக்கப்போகிறது என்கிற சலுகையெல்லாம் கிடையாது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அப்புறம், அவர் பார்க்காமல் விட்டால் நமக்கு ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்டதாகத் தோன்ற ஆரம்பித்தது.

இப்போது நான் பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிற பஸ் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் சில வருஷம் காரமடையில் சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தேன். சனி, ஞாயிறுகளில் கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவேன். மேலே, அணைத் தண்ணீர் தேங்கி நிற்கிற ஓரத்தில், இருளர்களின் பதி ஒன்று இருக்கிறது. பதி என்றால் அவர்கள் வாழும் சிற்றூர். வனத்துறையும் பதிக்காரர்களும் சேர்ந்து அங்கே சுற்றுலா நடத்தினார்கள். ஆண்கள் பரிசல் ஓட்டுவார்கள், காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவார்கள். பெண்கள் களியும் கீரையும் நாட்டுக்கோழிக் குழம்பும் ஆக்கிப்போடுவார்கள். வருகிற வருமானம் அந்தப் பதிக்கே கூலியாகப் போய்ச்சேரும். வாசலில் இருந்த மூங்கில் கேட்டில் நின்று வருகிறவர்களின் பையைச் சோதிப்பது அந்த அம்மாவின் வேலை. பிளாஸ்டிக் எதுவும் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது.

ஆள் குள்ளம். சேலைக்கு மேலே யாரோ கொடுத்த காக்கிச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டது. வெற்றிலை போட்டுப் போட்டு உதடு எப்போதும் சிவந்திருக்கும். "ஏனுங்க, பையைக் குடுங்க" என்று கேட்கும்போது குரலில் அவ்வளவு பணிவு இருக்கும். கை மட்டும் பணியாது. மேலே இருக்கிற துண்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் அலுங்காமல் ஒதுக்கிக்கொண்டு நேராக அடிக்குப் போய்விடும். ஒளிக்கிறவர்கள் அடியில்தான் ஒளிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

புதுமாப்பிள்ளை ஒருவர் பையைக் கொடுக்க மாட்டேன் என்று ரொம்ப நேரம் வெட்கப்பட்டார். சுற்றி இருந்தவர்கள் வேறு என்னென்னவோ நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் உள்ளே இருந்தது ஷாம்பு பாக்கெட்டுகள். "ஆத்துல குளிக்கறதுக்கு எதுக்குங்க இது? அரப்பு தாரேன், தேச்சுக்கோங்க" என்று பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டார். கூட வந்த புதுப்பெண் புருஷனைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. இன்னொரு தடவை சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கூட வந்த வனத்துறை ரேஞ்சர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறார், இந்த அம்மா அதைப் பார்க்காதமாதிரி கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். அதிகாரி நல்ல மனுஷன், கொடுத்துவிட்டார். பைக்குள் மாத்திரை அட்டை இருந்தது. அதை மட்டும் இந்த அம்மா உள்ளே விட்டார். ஆனால் போகும்போது அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி, சாயங்காலம் ஞாபகமாகக் கேட்டு வாங்கியும் பார்த்தார்.

இவ்வளவு எதற்கு என்று யாராவது சலித்துக்கொண்டால் ஒரே பதில்தான். "காட்டுல எல்லாமே மக்கிப்போயிருமுங்க. நானுங்கூட மக்கிப்போயிருவேன். இது மக்காதுங்க."

வேடிக்கை என்னவென்றால், கேட்டில் அவர் எடுத்துவைக்கிற பாக்கெட்டுகளில் பாதி அவர் மகன் கடையில் வாங்கியவை. மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவனுக்கு ஒரு பெட்டிக்கடை. சிப்ஸ், முறுக்கு, பிஸ்கட் என்று கடை முகப்பு முழுவதும் சரம் சரமாகத் தொங்கும். என் வண்டி அங்கே டீக்கு நிற்கும். வண்டியில் வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். மகன் கீழே விற்றதையெல்லாம் அம்மா மேலே பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தர் எரிச்சலில், உங்கள் மகன் கடையில்தானே வாங்கினோம் என்று கேட்டேவிட்டார். அந்த அம்மா துளிகூடச் சங்கடப்படவில்லை. "விக்கறது அவன் பொழப்புங்க. எடுக்கறது எம்பட பொழப்பு" என்றார்.

மகனிடம் இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அந்த அம்மாவின் வாயைக் கிளறிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் பதியில் வேலை இல்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைப் பக்கம் தேங்காய்க் களங்களுக்கு மட்டை உரிக்கப் போய்விடுவார்கள், மாதக்கணக்கில் திரும்பமாட்டார்கள். இவரும் அப்படிப் போனவர். மகன் மட்டைக் குவியல்களுக்கு நடுவே வளர்ந்தான். "அவனுக்குக் காட்டை நான் காட்டலைங்க. இப்ப வந்து எதைப் போயிக் கேக்கறது" என்றார். சுற்றுலா வந்த பிறகு பதியில் பிறந்த எந்தக் குழந்தையும் களத்துக்குப் போகவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

பிடுங்கினார் என்று சொன்னேன், அது தப்பு. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்வது அவரால் முடியாத காரியம். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்தின் பாக்கெட்டுகளையும் நாரால் கட்டுவார். ஒரு தேக்கிலையை இரண்டாகக் கிழித்து, பாதியைக் கட்டில் செருகி, மறுபாதியைக் கையில் கொடுப்பார். சாயங்காலம் இலையை நீட்டினால் கிழிசலோடு கிழிசலைப் பொருத்திப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பித் தருவார். ஒரு தடவைகூட ஆள் மாறியதில்லை. ரேஞ்சர் இதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அவிய காசு குடுத்து வாங்குனதுங்க, நான் எப்பிடி வெச்சுக்கறது" என்று மறுத்துவிட்டார்.

அங்கேதான் வினை பிடித்தது. ஆற்றில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு இறங்குகிற வழியில் பசிக்கும். மூட்டையைப் பிரிப்பார்கள். என் வண்டிக்குள், பழைய ஓனர் காலத்திலேயே, 'வண்டிக்குள் குப்பை போடாதீர்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நம் ஜனங்கள் எழுதியிருப்பதற்கு அப்படியே கீழ்ப்படிந்து ஜன்னல் வழியாக வெளியே போட்டார்கள். அதுவும் ஒரு குறிப்பிட்ட கொண்டை ஊசி வளைவில் வண்டி மெதுவாகும்போதுதான் எல்லாருக்கும் கை நீளும். நான் கத்திப் பார்த்தேன். எழுத்தைச் சுரண்டியும் எடுத்தேன். கை நீளுவது நிற்கவில்லை.

காது கிழிந்த ஒரு இளம் கொம்பன் யானை அந்த வளைவுக்கு வர ஆரம்பித்தது. முதலில் உப்பு ஒட்டின காகிதங்களைப் பொறுக்கித் தின்றது. பிறகு சாயங்காலமானால் ரோட்டிலேயே நின்றது. பால் வண்டியை மறித்தது. பஸ்ஸை மறித்தது. யாரோ பயத்தில் பிஸ்கட்டை வீசியிருக்கிறார்கள், அதிலிருந்து அதற்கு ஒரு விஷயம் புரிந்துபோயிற்று. வண்டி நின்றால் தீனி விழும்.

சந்தைக்குப் போக ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா என் வண்டியில் வந்தார். அந்த வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். ரோட்டோரத்தில் பாக்கெட்டுகளோடு பாக்கெட்டுகளாக அவர் கட்டிய நார் முடிச்சுகள் கிடந்தன. காய்ந்துபோன பாதித் தேக்கிலைகள் கிடந்தன. மடியை விரித்து எல்லாவற்றையும் பொறுக்கினார். சந்தைக்குப் போகவில்லை. என்னைப் போகச் சொல்லிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பப் பதிக்கே ஏறிப்போய்விட்டார்.

மறுநாளிலிருந்து புதுச் சட்டம். மூட்டை திரும்பக் கிடைக்கும், ஆனால் அவர் கண்முன்னால் தின்று முடித்துவிட்டு, காலிப் பாக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். சூலூரில் தறி வைத்திருக்கிற ஒரு கவுண்டர், களியும் கோழியுமாக வயிறு முட்டச் சாப்பிட்டவர், மரத்தடியில் உட்கார்ந்து பெரிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றை முழுங்க முடியாமல் மென்றுகொண்டிருந்தார். எதிரே இந்த அம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறார். "வகுத்துல எடமில்லீங்க அம்மணி" என்று அவர் கெஞ்ச, "மெதுவாத் தின்னுங்க, வண்டி நிக்குமுங்க" என்று இவர் ஆறுதல் சொல்கிறார். அடுத்த தடவை அந்தக் கவுண்டர் வெறும் கையோடு வந்தார். பாக்கெட் வருவதே குறைந்தது. ஆனால் கொம்பன் கற்றுக்கொண்டதை மறக்கவில்லை.

ரேஞ்சர் பதிக்கு வந்து எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். அந்தக் கொம்பன் சுற்றுலா வண்டி ஒன்றை மறித்தால்கூடச் சுற்றுலாவை நிறுத்த வேண்டி வரும், யாரையாவது அடித்துவிட்டால் பழக்கிய கும்கி யானையைக் கொண்டுவந்து அதைப் பிடிக்கத்தான் உத்தரவு வரும், தன் கையில் எதுவும் இல்லை என்றார். அவர் மிரட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். எல்லாருக்கும் புரிந்தது. அடுப்படியில் வேலை பார்த்த சின்னப் பெண்கள் இடுப்பில் இருந்த குழந்தைகளைக் குனிந்து பார்த்தார்கள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாவின் மருமகள் முழுகாமல் இருந்தாள். பதியில் பழுக்கிற பலாப்பழம் வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அந்த அம்மாவுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. சுளைகளை எடுத்துத் தேக்கிலையில் பொதிந்து, துணிப்பையில் வைத்து, முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் திருப்பூர்க் குடும்பம் ஒன்று. எல்லார் பையையும் அன்றைக்கும் பார்த்தார். அவர் பையைப் பார்க்க யாரும் இல்லை. வண்டி முழுக்கப் பலா மணம். எனக்கே வாயில் எச்சில் ஊறியது. ஆனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

வளைவில் அது நின்றது. வெயில் இன்னும் இருந்தது, நன்றாகத் தெரிந்தது. நான் பிரேக் போட்டேன். பின்னால் ஒரு கார் ஒட்டி வந்து நின்றுவிட்டதால் ரிவர்ஸ் எடுக்க வழியில்லை. துதிக்கையைத் தூக்கி மோந்தபடி அது நேராக இடதுபக்கம், அந்த அம்மாவின் ஜன்னலுக்கு வந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மடியிலிருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை.

பின்சீட்டில் அழுகை. திருப்பூர்க்காரர், பழத்தை வெளியே போட்டுவிடுங்கள், போட்டால் போய்விடும் என்று கெஞ்சினார். அவர் சொன்னதில் தப்பில்லை, வெளியே வீசியிருந்தால் அது அந்தப் பக்கம் போயிருக்கும். பலாச்சுளையில் பிளாஸ்டிக்கும் இல்லை. அந்த அம்மா ஜன்னலை மூடப் பார்த்தார், என் வண்டியின் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. துதிக்கை உள்ளே வந்தது. அவர் பையை வயிற்றோடு அணைத்து, அதன்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டார். அது அவர் முதுகைத் தடவியது, பிடரியைத் தடவியது, காக்கிச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. அவர் குனிந்தபடியே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க சாமி. இது உங்களுக்கு இல்லைங்க. மேல போங்க. காட்டுல இருக்குதுங்க. போங்க சாமி."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. துதிக்கை வெளியே போயிற்று. சைடு கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி உடைத்தது. வண்டியை ஒரு முறை நெற்றியால் அசைத்துப் பார்த்தது. பிறகு சரிவில் இறங்கி மூங்கிலுக்குள் மறைந்தது.

கீழே வந்து நிறுத்தியதும் திருப்பூர்க்காரர் கொதித்துப்போய்ப் பேசினார். ஒரு பழத்துக்காகப் பெண்டு பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தீர்கள் என்றார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னைக்குப் போட்டா நாளைக்கு வேற வண்டிக்கிட்டக் கேப்பாருங்க. அவிய போடலைன்னா அடிப்பாரு. அப்பறம் அவரைச் சங்கிலி போட்டுக் கூட்டீட்டுப் போயிருவாங்க. என்னைய மன்னிச்சுருங்க. எம்மேலதான் தப்பு" என்றார். திருப்பூர்க்காரர் மன்னிக்கவில்லை. நியாயம்தானே, அவர் குழந்தை வண்டிக்குள் இருந்தது. சுளைகளெல்லாம் நசுங்கிப்போயிருந்தன. அந்த அம்மா மகன் கடைக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகன்தான் ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

புகார் போயிற்று, பழம் யாருடையது என்று அதில் இல்லை. ரேஞ்சர் விசாரிக்க வந்தபோது, வண்டிக்குள் இருந்த பழம் யாருடையது என்று பொதுவாகத்தான் கேட்டார். வந்தவர்கள் யாரோ கொண்டுவந்தது என்று சொல்லியிருந்தால் அங்கே மறுப்பதற்கு ஆளில்லை. அந்த அம்மா எழுந்து நின்று, "எம்பட பைலதானுங்க இருந்துச்சு" என்றார்.

சுற்றுலா நின்றது. அடுப்படிப் பெண்களில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "ஒரு சொளையைத் தூக்கிப்போட்டிருந்தீன்னா அத்தே, நாங்க இங்கயே இருந்திருப்பமல்ல?" இன்றைக்குவரை யோசித்துப் பார்க்கிறேன், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பெண்கள் மறுபடியும் உடுமலைப்பேட்டைக் களத்துக்குப் போனார்கள். என் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டேன். கடைசியாக அந்த அம்மாவும் ஏறினார். இந்த வயசில் மட்டை உரிக்க முடியுமா என்று கேட்டேன். உரிக்க அல்ல, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றார். ஒருமுறை அந்தப் பக்கம் சவாரி போனபோது களத்தில் எட்டிப் பார்த்தேன். ஓலைக் கொட்டகைக்குள் சேலைத் தொட்டில்கள் கட்டி, ஒன்றை ஆட்டிக்கொண்டு இன்னொரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். காட்டுப் பறவைகள் கத்துகிறமாதிரி கத்திக் காட்டினார், குழந்தைகள் சிரித்தன. அந்தக் கைக்குழந்தைக்காரி அவருக்குத் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் போனாள்.

மழைக்காலம் முடிகிறவரை அந்தக் கொம்பன் ரோட்டில் தென்படவில்லை. எதுவும் கிடைக்காமல் சலித்துவிட்டதா, மழைக்கு மூங்கில் துளிர்த்ததால் மேலே ஏறிவிட்டதா, யாருக்கும் தெரியாது. உன்னால்தான் அது போயிற்று என்று யாராவது அந்த அம்மாவிடம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எப்படியோ, தை பிறந்ததும் ரேஞ்சர் திறக்கச் சொல்லிவிட்டார். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

முதல் சனிக்கிழமை என் வண்டியில் கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டர் அம்மாவின் குடும்பம். கேட்டில் அதே காக்கிச் சட்டை. டாக்டர் அம்மா முன்பே வந்து பழக்கப்பட்டவர், தானாகவே பையை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கவில்லை. தன் தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றி, வாயை விரித்து, டாக்டர் அம்மாவின் முன்னால் நீட்டினார். முதலில் இதைப் பாருங்கள் என்றார். டாக்டர் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களைப் போய் நான் சோதிப்பதா என்று பின்வாங்கினார். இவர் நீட்டிய கையை இறக்குவதாக இல்லை. அடுப்படியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், அந்தக் கைக்குழந்தைக்காரியும் பார்த்தாள். கடைசியில் டாக்டர் அம்மா மரியாதைக்காக மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, போதுங்க என்று தலையாட்டினார்.

"கையை உட்டுப் பாருங்க அம்மணி" என்றார் அந்த அம்மா. "நல்லா அடியில பாருங்க."